தேத்தண்ணிக்கு இனிப்புக் குளிசை: போடலாமா, கட்டுபடியாகுமா?

கேள்வி, அக்கரைப்பற்றுல இருந்து ஒரு தங்கச்சி
2025 மார்ச் 4

அண்ணே, எங்கட வாப்பாக்கு சீனி வருத்தம் எண்டு போன மாசம்தான் கண்டுபுடிச்ச. சீனி இல்லாத தேத்தண்ணி அவருக்கு தொண்டையால இறங்குதில்ல. பாமசில இனிப்புக் குளிசை ஒரு டப்பி கேட்டுப் பாத்தன், விலை சொன்ன உடனே திரும்பி வந்திட்டன். சாச்சா வேற வட்ஸ்அப்புல அனுப்பி இரிக்கார், அது கேன்சர் வாற சாமானாம். சீனியும் ஒண்ணா, இதுவும் ஒண்ணா எண்டா மனிசன் எதத்தான் குடிக்கிற? நோன்பும் தொடங்கிட்டு, துறக்கிற நேரம் சர்பத் இல்லாம அவர் இரிக்கவும் மாட்டார்.

2025 மார்ச் 4, ராவு

வாங்கலாம். குளிசையத்தான் சொல்றன். அதோட சேத்து அந்த ராக்கையில இரிக்கிற "சுகர் ஃப்ரீ" பிஸ்கட், "டயபெட்டிக்" சொக்லட், "டயபெட்டிக்" ஜாம், இதுகள ஒண்டும் வாங்காதீங்க, காசு போறது அங்கதான். நான் டொக்டர் இல்ல. களுவாஞ்சிகுடிப் பக்கம் ஒரு பலசரக்குக் கடை வைச்சிரிக்கன், எங்கட அம்மாவுக்கு கன காலமா சீனி வருத்தம், காலையும் பின்னேரமும் இன்சுலின் ஊசி. கடைக்கு வாற பக்கட்டுகள்ட பின்பக்கத்த வாசிக்கிறது எனக்கு ஒரு வியாதி மாதிரி. விவரமா நாளைக்கு எழுதுறன், இப்ப கடை பூட்டுற நேரம்.

2025 மார்ச் 5

விலைக் கணக்கு. டப்பிட விலையப் பாத்து பயப்பிடாம ஒரு கோப்பைக்கு எவ்வளவு எண்டு பாருங்க.

சீனி கிலோ 250 ரூபா எண்டு வைப்பம், கணக்குக்கு லேசு. வெட்டின தேக்கரண்டி ஒண்டு கிட்டத்தட்ட 4 கிராம், அப்ப ஒரு கரண்டி ஒரு ரூபா. உங்கட வாப்பா நாளைக்கு அஞ்சு கோப்பை, கோப்பைக்கு ரெண்டு கரண்டி எண்டா 40 கிராம், மாசம் 1.2 கிலோ, 300 ரூபா. கரண்டிய வெட்டாம குவிச்சுப் போடுற ஆள் எண்டா (எங்கட ஊர்ல வெட்டிப் போடுற ஆள நான் இன்னும் காணல்ல) இன்னும் கூட.

குளிசை 100 உள்ள டப்பி 500 ரூபா எண்டு வைங்க, உங்கட பாமசில என்ன விலையோ அதப் போட்டுக் கணக்குப் பாருங்க. ஒரு குளிசை அநேகமா ஒரு தேக்கரண்டி சீனிட இனிப்பு. அதே இனிப்பு வேணும் எண்டா கோப்பைக்கு ரெண்டு, மாசம் 300 குளிசை, 1500 ரூபா. சீனிய விட அஞ்சு மடங்கு. கட்டுபடியாகாது எண்டு நீங்க சொன்னது சரிதான்.

ஆனா ஒரு குளிசையோட நிப்பாட்டினா 750. நாலு அஞ்சு கிழமை போனா நாக்கு அதுக்குப் பழகிரும், எங்கட அம்மா பழகினவ. முதல் கிழமை என்னைப் பாத்து "இது என்னகா மகன், மூஞ்சி கழுவின தண்ணியா" எண்டு கேட்டவதான்.

பவுடர் பக்கட்டு இன்னும் விலை கூட. அதுல இரிக்கிற சுக்ரலோஸ் எண்ட இனிப்பு சீனிய விட 600 மடங்கு இனிப்பு, அப்ப ஒரு கோப்பைக்கு வேண்டிய அளவு கண்ணுக்கே தெரியாது. அத கையால எடுக்கிறத்துக்காக மோல்டோடெக்ஸ்ட்ரின், டெக்ஸ்ட்ரோஸ் எண்டு மாவுச்சத்து சாமான் சேத்துத்தான் சின்ன பக்கட்டுல அடைக்கிற. நாம காசு குடுக்கிறது அந்த நிரப்பு சாமானுக்கும் கடதாசிக்கும் சேத்துத்தான். டப்பிக் குளிசைதான் லாபம்.

2025 மார்ச் 9

சாச்சாட கேன்சர் கதைக்கு வாறன்.

அது சும்மா வந்த கதை இல்ல. 2023 ஜூலையில உலக சுகாதார ஸ்தாபனத்துட புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு, குளிசையில சேக்கிற அஸ்பாட்டேம் எண்ட இனிப்பை 2பி எண்ட பிரிவுல போட்டாங்க, அதாவது புற்றுநோய் வரப்பண்ணக் கூடியதா இரிக்கலாம், ஆதாரம் மட்டு. அதே நாள் அதே ஸ்தாபனத்துட இன்னொரு குழு, உணவுல சேக்கிற சாமான்கள்ட அளவப் பாக்கிறவங்க, பழைய அளவ மாத்தத் தேவையில்ல எண்டு சொன்னாங்க: உடம்பு எடை கிலோ ஒண்டுக்கு நாளைக்கு 40 மில்லிகிராம் வரைக்கும். வட்ஸ்அப்புக்கு முதல் பாதி மட்டும்தான் வந்திச்சு, ரெண்டாவது பாதிய ஆரும் ஃபோர்வேட் பண்ணல்ல.

இப்ப கணக்கு. எங்கட அம்மா 50 கிலோ. 50 தர 40, 2000 மில்லிகிராம். எங்கட வீட்டு டப்பியில குளிசைக்கு 18 மில்லிகிராம் அஸ்பாட்டேம் எண்டு போட்டிரிக்கு. அப்ப நாளைக்கு 111 குளிசை விழுங்கினாத்தான் அந்த எல்லைய தொடுவா. அந்த எல்லையும் ஆபத்து தொடங்கிற இடம் இல்ல, அதுக்கு கனதூரம் இங்கால போட்ட வேலி. டயட் சோடா குடிக்கிறவருக்கு உலக சுகாதார ஸ்தாபனமே ஒரு கணக்கு சொல்லி இரிக்கு, டின்னுக்கு 200, 300 மில்லிகிராம் எண்டா 70 கிலோ ஆள் ஒரு நாளைக்கு 9 தொடக்கம் 14 டின்னுக்கு மேல குடிக்கோணும்.

மறுகா ஒண்டு. அந்த ஆராய்ச்சிப் பிரிவுட லிஸ்ட்ட கொஞ்சம் மேல போய்ப் பாருங்க. 65 டிகிரிக்கு மேல கொதிக்கக் கொதிக்கக் குடிக்கிற பானம் 2ஏ, அஸ்பாட்டேமுக்கு ஒரு படி மேல. கொட்டைப்பாக்கு முதலாம் பிரிவு, சந்தேகமே இல்லாம புற்றுநோய் வரப்பண்ணும் எண்ட பிரிவு. வெத்திலைக்கூட்டு, போயிலை போட்டாலும் போடாட்டியும், அதே முதலாம் பிரிவு. எங்கட ஒழுங்கையில ஒரு மாமா, பேர் வேணாம், வாய் நிறைய வெத்திலைய வைச்சுக்கொண்டு கொதி தேத்தண்ணிய உறிஞ்சிக்கொண்டு எனக்கு சொல்றார், "மனே, அந்தக் குளிசைய கொம்மாவுக்குக் குடுக்காத, கேன்சர் வரும்". நான் என்ன சொல்ல, துப்புற பேணிய எடுத்துக் குடுத்தன்.

2025 மார்ச் 10

"கொட்டைப்பாக்கப் பத்தி இஞ்ச என்னத்துக்கு" எண்டு ஒராள். ஐயா, நீங்களும் போடுறீங்க போல.

2025 மார்ச் 10, பின்னேரம்

மெதனோல் எண்ட நச்சுச் சாராயத்தப் பத்தியும் கேட்டிரிக்காங்க. ஓம், அஸ்பாட்டேம் குடலுக்குள்ள உடையக்குள்ள கொஞ்சம் மெதனோல் வரும். ஒரு டம்ளர் தக்காளிச் சாறுல இருந்து வாறது அதே அளவு டயட் சோடாவில வாறத விடக் கூட. உண்மையிலேயே அஸ்பாட்டேம் ஒண்ணாத ஆக்கள் பிகேயூ எண்ட பிறவி வருத்தம் உள்ளவங்க, அஸ்பாட்டேம்ல இருந்து வாற ஃபீனைல்அலனின் எண்ட சாமான அவங்கட உடம்பால உடைக்க ஏலாது. டப்பியில அத சின்ன எழுத்துல போட்டிரிக்கிறது அவங்களுக்காகத்தான், எல்லாருக்கும் விஷம் எண்டு இல்ல.

2025 மார்ச் 23

சக்கரின் எண்ட பழைய இனிப்பப் பத்தி செங்கலடித் தம்பி எழுதினது: "அமெரிக்காவில சக்கரின தடை செஞ்சாச்சு, அத எங்களுக்கு விக்கிறாங்க."

அப்பிடி இல்ல தம்பி, நீங்க ரெண்டு கதைய ஒண்டா போட்டுக் குழைக்கிறீங்க. தடை செஞ்சது சைக்லமேட் எண்ட இன்னொரு இனிப்ப, 1969ல. சக்கரின 1977ல தடை செய்யப் பாத்தாங்க, எலிக்கு சலப்பையில புற்றுநோய் வந்திச்சு எண்டு. சனம் சத்தம் போட்டிச்சு, அந்த நேரம் கடையில வேற இனிப்புக் குளிசையும் இல்ல, பாராளுமன்றம் தடைய ஒத்திப்போட்டு எச்சரிக்கை லேபல் மட்டும் ஒட்டச் சொல்லிட்டு. பிறகு பாத்தா அது எலிட மூத்திரத்துல மட்டும் நடக்கிற சமாச்சாரம், மனிசனுக்கு அப்பிடி ஆகிறதில்ல எண்டு விளங்கி 2000ல லேபலையும் கழட்டிட்டாங்க. சைக்லமேட்ட ஐரோப்பாவில இண்டைக்கும் விக்கிறாங்க, அமெரிக்காவில இண்டைக்கும் ஒண்ணா. ஒரே சாமான், ரெண்டு சட்டம்.

இதுகள கண்டுபுடிச்ச விதத்தையும் கேளுங்க. 1879ல ஃபால்பேர்க் எண்ட ஆள் அமெரிக்காவில லெப்ல நிலக்கரித் தார்ல வேலை செஞ்சிட்டு கை கழுவாம சாப்பிட இருந்திரிக்கார், பாண் இனிக்குது, சக்கரின். 1937ல ஸ்வேடா எண்ட பொடியன் காய்ச்சலுக்கு மருந்து செய்யப் போய், மேசையில வைச்ச சிகரட்ட எடுத்து வாயில வைச்சா இனிக்குது, சைக்லமேட். 1965ல ஷ்லாட்டர் வயித்துப்புண் மருந்து செய்யப் போய், கடதாசி எடுக்க விரல நக்கினா இனிக்குது, அஸ்பாட்டேம். எங்கட அம்மா அந்த லெப்ல இருந்திருந்தா "போய் கைய கழுவிட்டு வாடா" எண்டு விரட்டி உலகத்துக்கு ஒரு இனிப்பும் கிடைச்சிராது.

2025 ஏப்ரல் 16

சித்திரை வருசம் முடிஞ்சிது, ஒரு சமையல் செய்தி.

வீட்டுக்காரிக்கு ஆசை, அம்மாவுக்கும் சேத்து தொதல் கிண்டோணும் எண்டு. சக்கரைக்குப் பதிலா சுக்ரலோஸ் பவுடர். நான் வேணாம் எண்டு சொன்னன், கேக்கல்ல. அரிசி மாவு, தேங்காய்ப்பால், ஏலம், கஜு எல்லாம் சரி. அடுப்புல தாச்சி, கிண்டுறா, கிண்டுறா. தொதல் எண்டா ஒரு கட்டத்துல நிறம் கறுத்து, எண்ணெய் கக்கி, அகப்பையோட திரண்டு தாச்சிய விட்டுக் கழண்டு வரோணும். இது வெள்ளையாவே கிடக்கு. எண்ணெய் ஒரு பக்கம் பிரியுது, மாவு ஒரு பக்கம் அடிப்புடிக்குது. கடைசியில இறக்கினது இனிப்பான பசை. போஸ்டர் ஒட்டலாம்.

காரணம் லேசு. தொதல்ல சக்கரை இனிப்புக்கு மட்டும் இல்ல, பாரத்துக்கும் நிறத்துக்கும் இழுவைக்கும் அதுதான். ஒரு கிலோ சக்கரைட இனிப்பு ரெண்டு கிராமுக்கும் குறைஞ்ச சுக்ரலோஸ்ல இரிக்கு, மிச்ச இடத்த என்னத்தால நிரப்புற? சூட்டுக்கு சுக்ரலோஸ் நிண்டு புடிக்கும், அது பிரச்சினை இல்ல. அஸ்பாட்டேம் அப்பிடி இல்ல, கனநேரம் கொதிச்சா உடைஞ்சு இனிப்புப் போயிரும். பாயாசத்துல போடுறதெண்டா இறக்கி சூடு ஆறின பிறகுதான்.

அம்மாவுக்கு நல்ல தொதல்ல ஒரு சின்னத் துண்டு வெட்டிக் குடுத்தம், அண்டைக்கு மத்தியானம் சோத்தக் குறைச்சு. அது போதும் அவவுக்கு.

2025 மே 1

கித்துள் பாணி கட்சிக்காரர் வந்திட்டாங்க, வருவாங்க எண்டு தெரியும். "குளிசையெல்லாம் கெமிக்கல், கித்துள் கருப்பட்டி, பனங்கட்டி, தேன் இதுகள் சீனி வருத்தக்காரருக்கு ஒண்டும் செய்யாது."

செய்யும். கித்துள் கருப்பட்டியிலயும் பனங்கட்டியிலயும் இரிக்கிறதுல பெரும்பங்கு சுக்ரோஸ்தான், சீனியில இரிக்கிற அதே சாமான். கொஞ்சம் கனிமச் சத்து கூட, வாசம் நூறு மடங்கு கூட. எருமைத் தயிருக்கு கித்துள் பாணிய விட்டா நானும் கோப்பைய வழிச்சுத் திங்கிற ஆள்தான், ருசியில சண்டை இல்ல. ஆனா அம்மா அந்த நம்பிக்கையில ஒரு தயிர்ச் சட்டிய பாணியோட முடிச்சிட்டு அடுத்த கிளினிக்ல வாங்கின ஏச்சு எனக்குத் தெரியும். அசல் பாணிட விலை சீனிய விட பல மடங்கு, மலிவா கிடைச்சா அதுல சீனி காய்ச்சி ஊத்தி இரிக்கு எண்டு நினைச்சுக்கொள்ளுங்க. அப்ப காசும் போய் சீனியும் ஏறும்.

ஹிங்குரானச் சீனி கதையும் அப்பிடித்தான். அம்பாறையில இருந்து ஒராள், எங்கட மாவட்டத்துக் கரும்பு, பழுப்புச் சீனி, அதனால ஆபத்தில்ல எண்டு எழுதி இரிக்கார். ஊர்ச் சாமான் வாங்குங்க, நானும் விக்கிறன். பழுப்பா இரிக்கிறது கரும்புப் பாகு கொஞ்சம் ஒட்டி இரிக்கிறதால, ரத்தத்துக்கு நிறம் தெரியாது.

சீனி விலை எண்டவுடனே ஒரு பழைய கோவம் வருது. 2020 ஒக்டோபர்ல இறக்குமதிச் சீனிக்கு கிலோவுக்கு 50 ரூபா வரிய 25 சதமா குறைச்சாங்க. அம்பது ரூபா, இருவத்தஞ்சு சதம், திரும்ப வாசிங்க. சனத்துக்கு சீனி மலியும் எண்டாங்க. எங்கட கடையில மலிஞ்ச ஞாபகம் எனக்கில்ல. 2023 நவம்பர்ல மறுகா 50 ரூபாவாக்கினாங்க, அது மட்டும் உடனே விலையில தெரிஞ்சிது. சரி, இது வேற கதை.

2025 ஜூன் 12

இத எழுதத்தான் வேணும், நோன்பு நேரம் கேட்ட தங்கச்சியும் வாசிக்கோணும்.

நேத்து அம்மா காலையில ஊசி போட்டுட்டு, கோயில்ல அலுவல் எண்டு சரியா சாப்பிடாம போய் வந்திரிக்கா. நான் கடையில. பக்கத்து வீட்டு மாமி வந்து பாக்க அம்மா குசினித் திண்ணையில இரிக்கா, நெத்தியெல்லாம் வேர்வை, கை நடுங்குது, கேட்டதுக்கு சம்பந்தமில்லாம கதைக்கிறா. மாமி நல்ல மனிசி, சீனி இறங்கிட்டு எண்டு விளங்கிட்டு அவவுக்கு. உடனே பிளேன்டீ ஊத்தி, அலுமாரிக்கு மேல இருந்த டப்பிய எடுத்து ரெண்டு குளிசை போட்டுக் குடுத்திரிக்கா, "இவவுக்கு சீனி ஒண்ணாதே" எண்டு.

நான் வரக்குள்ள கோப்பை பாதி. அம்மா அப்பிடியே இரிக்கா, இன்னும் மோசமா. கோப்பையில நாக்க வைச்சன், அந்த கடைசியில வாற ஒரு மாதிரி ருசி, உடனே தெரிஞ்சிது. சீனிப் போத்தல எடுத்து நாலு கரண்டி ஒரு டம்ளர் தண்ணியில கலக்கிப் பருக்கினன். கால் மணித்தியாலத்துல ஆள் சரி, "என்னடா இவ்வளவு இனிப்பா தந்த" எண்டு என்னையே ஏசுறா. மறுகா கொஞ்சம் சோறு குடுத்தம்.

விளங்கிச்சா? குளிசை நாக்கைத்தான் ஏமாத்தும், ரத்தத்துக்கு ஒண்டும் போய்ச் சேராது. மத்த நாள்ல நமக்கு வேண்டியதே அதுதான், சீனி இறங்கின நேரம் அதுதான் ஆள மோசம் போக்காட்டுற. அந்த நேரம் அசல் சீனி 15 கிராம் அளவு, மூணு நாலு தேக்கரண்டி, இல்லாட்டி குளுக்கோஸ், இல்லாட்டி சாதா சோடா. டயட் சோடா, குளிசை போட்ட தேத்தண்ணி ஒண்டும் உதவாது. 15 நிமிசத்துல விரல்ல குத்தி ரத்தத்துல சீனி எவ்வளவு எண்டு பாருங்க, ஏறல்லயெண்டா திரும்ப குடுங்க. மயங்கி விழுந்திட்டா வாயில ஒண்டும் ஊத்தாதீங்க, 1990 அம்புலன்சுக்கு அடிங்க.

கேன்சர் எண்டு இவ்வளவு கதைச்சமே, என்ட வீட்டுக்குள்ள இந்த டப்பியால நான் நேரில கண்ட ஆபத்து இது ஒண்டுதான்.

2025 ஜூன் 13

ரெண்டு பேர் கேட்டாங்க, கிளினிக் குளிசை மட்டும் போடுறவங்களுக்கும் இப்பிடி இறங்குமா எண்டு. மெட்ஃபோமின் மட்டும் எண்டா அநேகமா இறங்காது. கிளிக்லசைட் மாதிரி குளிசை, இன்சுலின், இதுகளுக்கு இறங்கும். நோன்பு புடிக்கிறவர் எண்டா நோன்புக்கு முன்னமே டொக்டரிட்ட காட்டி மருந்துட நேரத்தையும் அளவையும் மாத்தி எடுக்கோணும், நீங்களா மாத்தாதீங்க. வாப்பாக்கு என்ன மருந்து எண்டு கிளினிக் கொப்பியில பாத்துச் சொல்லுங்க தங்கச்சி.

மாமிக்கு நான் ஒண்டும் சொல்லல்ல. குசினியில ஒரு சின்னப் போத்தல்ல சீனி போட்டு சிவப்பு நாடா சுத்தி வைச்சிட்டன், அவவே கேட்டு வைச்ச இடத்த பாத்துட்டுப் போனா.

2025 ஜூலை 26

ஆடி அமாவாசைக்கு மாமாங்கக் கோயிலுக்குப் போனம், திரும்பி வரக்குள்ள எங்கட தங்கச்சிட சின்னவன் கையில கலர் கலரா ஐஸ் பக்கட்டு. வாங்கிப் பாத்தன், எதால இனிக்குது எண்டு அதுல ஒரு எழுத்தில்ல. அதுதான் இந்தக் குறிப்பு.

நான் மார்ச்சில சொன்ன 111 குளிசைக் கணக்கு அஸ்பாட்டேமுக்கு, 50 கிலோ ஆளுக்கு. அத புடிச்சுக்கொண்டு எல்லாத்துக்கும் எல்லாருக்கும் அப்பிடி எண்டு நினைக்காதீங்க. சக்கரினுக்கு உலக சுகாதார ஸ்தாபனக் குழுட எல்லை கிலோவுக்கு 5 மில்லிகிராம் (ஐரோப்பாவில 2024 நவம்பர்ல 9 ஆக்கி இரிக்காங்க). 15 கிலோ பிள்ளைக்கு 75 மில்லிகிராம். சக்கரின் 300 மடங்கு இனிப்பு எண்டா அது 22 கிராம் சீனிட இனிப்பு, அஞ்சு ஆறு கரண்டி. சக்கரினால மட்டும் இனிப்பாக்கின ஒரு பெரிய போத்தல் கலர்த்தண்ணியோட எல்லை வந்திடும். சைக்லமேட் இன்னும் கிட்ட: கிலோவுக்கு 11, பிள்ளைக்கு 165 மில்லிகிராம், அது 30, 40 மடங்குதான் இனிப்பு, அப்ப ஒண்டரைக் கரண்டி சீனி அளவுக்குள்ள முடிஞ்சிது கணக்கு. ஒருநாள் தாண்டினா ஒண்டும் ஆகாது, எல்லை எண்டது வாழ்நாள் முழுக்க ஒவ்வொரு நாளும் எண்டு போட்டது. ஆனா பள்ளிக்கூடம் விட்டு தினம் வாங்கிற பிள்ளைக்கு?

மலிவுச் சாமான்ல இதுகள் ஏன் வருது எண்டதும் விளங்கும். டப்பியில எங்களுக்கு விலை கூட, மூட்டையா வாங்கிறவனுக்கு சீனிய விட மலிவு. ஒரு கிலோ சக்கரின் 300 கிலோ சீனிட வேலை செய்யும்.

பக்கட்டு பின்பக்கம் பாக்கிறவங்களுக்கு நம்பர்: 950 அசெசல்ஃபேம், 951 அஸ்பாட்டேம், 952 சைக்லமேட், 954 சக்கரின், 955 சுக்ரலோஸ், 960 ஸ்டீவியா. கடையில ஒரு கடதாசியில எழுதி காசுப்பெட்டிக்கு மேல ஒட்டி இரிக்கன், ஆக்கள் லொத்தர் நம்பர் எண்டு நினைச்சு கேக்கிறாங்க.

2016ல இருந்து சோடாப் போத்தல்ல சிவப்பு, மஞ்சள், பச்சை வட்டம் வருதே, அது சீனிட அளவ மட்டும்தான் சொல்ற. 100 மில்லிக்கு 11 கிராமுக்கு மேல எண்டா சிவப்பு, 2க்கு கீழ எண்டா பச்சை. 2017ல சீனி கிராமுக்கு வரியும் போட்டாங்க. சீனியக் குறைச்சு 955ஐப் போட்டா வட்டம் நிறம் மாறும், வரியும் குறையும். பச்சை எண்டா ஒண்டும் போடாத தண்ணி எண்டு அர்த்தமில்ல.

2025 ஓகஸ்ட் 17

கொஞ்சம் யோசிச்சன். நான் குளிசைக் கட்சி மாதிரி எழுதிட்டு வாறன் போல இரிக்கு, மத்தப் பக்கத்தையும் போடுறன்.

2023 மே மாசம் உலக சுகாதார ஸ்தாபனம் சொன்னது, உடம்ப மெலிய வைக்கிறத்துக்கு இந்த இனிப்புகள பாவிக்காதீங்க எண்டு. கனகாலம் பாவிச்சவங்கட்ட மெலிவு பெரிசா நிக்கல்ல எண்டது காரணம். அந்த அறிவுரை ஏற்கெனவே சீனி வருத்தம் உள்ளவங்களுக்கு இல்ல எண்டும் அதுலயே இரிக்கு, அப்ப அம்மாவுக்கு அது பொருந்தாது, எனக்குப் பொருந்தும். நான் தொந்தி வைச்ச ஆள், வருத்தம் இன்னும் இல்ல, அம்மாட டப்பியில கை வைச்சுக்கொண்டிருந்தன். இப்ப இல்ல. எனக்கு அரைக் கரண்டி சீனி.

2022ல இஸ்ரேல்ல 120 பேர வைச்சு ரெண்டு கிழமை குடுத்துப் பாத்த ஒரு ஆய்வும் இரிக்கு. சக்கரின், சுக்ரலோஸ் எடுத்தவங்கள்ட குளுக்கோஸ உடம்பு கையாளுற விதம் மாறி இரிக்கு, குடல்ல இரிக்கிற கிருமிக் கூட்டத்தாலயாம். எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்ல. ரெண்டு கிழமை ஆய்வ வைச்சு நான் டப்பிய எறிய மாட்டன், ஆனா "ரத்தத்துக்கு ஒண்டும் போய்ச் சேராது" எண்டு ஜூன்ல எழுதினத இப்ப இவ்வளவு அடிச்சுச் சொல்லவும் மாட்டன். அவசரத்துக்கு உதவாது எண்டது மட்டும் மாறாது.

எரித்ரிடோல் எண்டு ஒண்டு, சீனி மாதிரியே மணி மணியா, கொழும்பு சுப்பர்மார்க்கட்டுகள்ல. 2023ல அமெரிக்காவில ஒரு ஆய்வு ரத்தத்துல அது கூட இரிக்கிறவங்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் கூட எண்டு காட்டிச்சு, அதுதான் காரணமா எண்டது இன்னும் முடிவாகல்ல. அம்மாவுக்கு பிரஷரும் இரிக்கு, நான் வாங்கல்ல. விலையும் வாங்க விடாது.

அந்த "சுகர் ஃப்ரீ" பிஸ்கட் கதைய முதல் நாளே சொல்லி விட்டன், விளக்கம் சொல்லல்ல. கடைக்கு வந்த பக்கட்ட பாத்தன், 100 கிராமுக்கு மாவுச்சத்து 60 கிராமுக்கு மேல, கோதம்ப மாதானே. விலை சாதா மேரி பிஸ்கட்ட விட ரெண்டு மடங்குக்கும் மேல. வாங்கினவர் சீனி இல்லயே எண்டு முழு பக்கட்டையும் முடிப்பார், மேரி எண்டா பயத்துல ரெண்டோட நிப்பாட்டுவார். எனக்கு லாபம் வாற சாமான், இருந்தும் எடுக்கிறத விட்டுட்டன். ஏஜன்டுக்கு கோவம்.

2025 செப்டம்பர் 3

மிச்சம் கேட்டதுகள்:

டப்பிக்குள்ள குளிசை ஒட்டிக் கட்டியாகுது எண்டா கடல்காத்து ஈரம்தான், அமுக்கினா "டிக்" எண்டுது, ஒண்டும் விழாது. நான் மூடியக் கழட்டி மூடுற போத்தல்ல கொட்டி, பத்து அரிசி போட்டு வைச்சிரிக்கன். அடுப்புக்குப் பக்கத்துல வைக்காதீங்க.

சீனித்துளசி (ஸ்டீவியா) கண்டு நட்டிரிக்கிற கல்முனை அக்காவுக்கு: இலைய கசக்கிப் போட்டா இனிக்கும், பின்னால கசக்கும். உலகத்துல அனுமதி குடுத்திரிக்கிறது இலையில இருந்து சுத்திகரிச்சு எடுத்த சாமானுக்கு. ஒண்டு ரெண்டு இலை தேத்தண்ணிக்குப் போட்டா நான் ஏச மாட்டன், கசப்பு புடிச்சா போடுங்க.

சைலிடோல் எண்ட இனிப்புப் போட்ட சுவிங்கம் வீட்டு நாய்க்கு எட்டுற இடத்துல வைக்காதீங்க, மனிசனுக்கு ஒண்டுமில்ல, நாய்க்கு சீனி படார் எண்டு இறங்கிரும்.

அக்கரைப்பற்றுத் தங்கச்சி எழுதி இரிக்கா, வாப்பா ஒரு குளிசைக்கு வந்திட்டாராம், ஆனா சாச்சா இப்ப கறுத்தச் சீனி மருந்து எண்டு புதுசா ஒண்டு அனுப்பி இரிக்காராம். சாச்சாட நம்பர எனக்கு அனுப்புங்க.